காகிதம் படித்தால்தான் தம் உடையும்

அண்டாவின் விளிம்பைச் சுற்றி மைதா மாவைத் திரித்து அப்பிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "பேப்பர் எங்க?" என்று கேட்கிறார் கோவிந்தன் மாஸ்டர். மூடியைப் பொருத்தி, அதன் மேல் தணலை அள்ளிப் பரப்பி, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு மறுபடியும் கேட்கிறார். வெளிநாடு போகிறவன் வெட்கத்தோடு வீட்டுக்குள் ஓடி, பிளாஸ்டிக் கவரில் போட்ட காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறான். மாஸ்டர் அதை வாங்குவதில்லை. கையில் எண்ணெய், தவிர, அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. "படிக்கத் தெரிஞ்சவங்க படிங்கோ. நான் கேக்குறேன்" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், பாங்க் வாசலில் காவல் இருக்கிறவர் மாதிரி.

மர்பி டவுனில் எங்கள் தெருவிலிருந்து துபாய், குவைத் என்று வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுச் சென்ட்-ஆஃப் பிரியாணி என்றால் அது மாஸ்டர் கைப் பிரியாணிதான். வேறு ஆளைக் கூப்பிடக் கூடாது என்று தடை ஒன்றும் இல்லை. சிலர் கூப்பிட்டும் பார்த்தார்கள். சாப்பிட்டவர்கள் கை கழுவும்போதே மாஸ்டர் போட்டால் இப்படியா இருக்கும் என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஆகவே பிரியாணி வேண்டும் என்றால் மாஸ்டர் வேண்டும். மாஸ்டர் வேண்டும் என்றால் அவருடைய கேள்விகளும் சேர்த்துத்தான். வேலைக்கான ஒப்பந்தத்தை எல்லார் காதிலும் விழும்படி வாசித்து, அவர் கேட்பதற்குப் பதிலும் சொன்ன பிறகுதான் மாவை உடைத்து மூடியைத் திறப்பார். தம் ஏற எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை சும்மா உட்கார்ந்து கொட்டாவி விடுவதற்கு நாலு விஷயம் கேட்டால் என்ன என்பது அவர் கட்சி.

எனக்கு அவர் சொந்தம். என் மூத்த ஓரகத்தியின் தம்பி. ஆள் குட்டை, தொந்தி கொஞ்சம் முன்னால் போகும். மற்றவர்கள் பீடி செருகுகிற காதில் இவர் ஒரு லவங்கப் பட்டைத் துண்டைச் செருகியிருப்பார். யோசனை வந்தால் அதை எடுத்து முகர்ந்துவிட்டு மறுபடி செருகுவார். ஊருக்கெல்லாம் பிரியாணி போடுகிறவர் தான் சாப்பிடுவதில்லை. வீட்டிலிருந்து வள்ளியம்மா டப்பாவில் கொண்டுவரும் தயிர்ச் சோற்றை ஒரு மூலையில் உட்கார்ந்து சாப்பிடுவார். கேட்டால், தினமும் பார்க்கிற முகத்தையே தின்ன முடியுமா என்பார். வள்ளியம்மா அவர் மனைவி. "அப்ப என் மொகத்த முப்பது வருஷமா இன்னா பண்றியாம்?" என்று ஒருமுறை பந்தியில் எல்லார் முன்னாலும் கேட்டாள். மாஸ்டர் பட்டையை முகர்ந்தார்.

அவருடைய கேள்விகளைத் தெருவில் எல்லாருக்கும் மனப்பாடம். பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும்? வாரத்தில் எந்த நாள் லீவு? உடம்புக்கு வந்துவிட்டால் யார் பார்ப்பார்கள்? வேலை பிடிக்காமல் போனால் திரும்புகிற டிக்கெட் யாருடையது? இங்கே சொன்ன வேலைதான் அங்கேயுமா? இவற்றோடு நிறுத்தியிருந்தால் மரியாதையாக இருக்கும். கறி எந்தக் கடையில் வாங்குவார்கள், எண்ணெய் என்ன எண்ணெய், ரூமில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று போய்க்கொண்டே இருப்பார். கேட்கும்போது எதிராளியைப் பார்க்கமாட்டார், தணலைத்தான் பார்ப்பார். பதில் சொல்கிறவனும் தணலையே பார்த்துச் சொல்ல ஆரம்பித்துவிடுவான். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் சேர்ந்து நெருப்பிடம் எதையோ விசாரிப்பது போல இருக்கும்.

எல்லாம் சரியாகவே கேட்பார் என்று நினைக்க வேண்டாம். பின் தெருவில் குடியிருந்த ஒரு பையனுக்கு மாநில எல்லையைத் தாண்டி ஒசூரில் வேலை கிடைத்து அவன் வீட்டில் பிரியாணி போட்டபோது அங்கேயும் பேப்பர் கேட்டார். ஒசூருக்கு அரை நாளில் போய் வந்துவிடலாமே என்றதற்கு, "ஸ்டேட் வேறல்ல? ரூல்ஸும் வேற" என்றார். அமெரிக்காவுக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குக் கிளம்பிய சஞ்சய் என்கிற பிள்ளையிடமும் கேட்டார். அந்தப் பிள்ளை பொறுமையாக உட்கார்ந்து, தன் பாஸ்போர்ட் தன்னிடம்தான் இருக்கும் என்றும், ஆனால் அந்த ஊரில் காரணம் சொல்லாமல் ஒரே நாளில் வேலையை விட்டு அனுப்பலாம் என்றும், அதற்கு ஒப்புக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டிருப்பதாகவும் விளக்கினான். மாஸ்டர் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார். இதற்கு எங்கள் தெரு மாவு மில் முதலாளியே தேவலை, திட்டிவிட்டுத்தான் அனுப்புவான் என்று சொல்லி, அவனை அனுப்ப வேண்டாம் என்று அந்தப் பிள்ளையின் தாயிடம் மன்றாடினார். சஞ்சய் போய், காரும் வாங்கி, அதன் மேல் சாய்ந்து நிற்கிற படத்தை அனுப்பினான். படத்தை மாஸ்டருக்கும் காட்டினார்கள். "காரு சரி. பேப்பர் மாத்திட்டாங்களா கேளு" என்றார்.

எங்கள் தெருவில் சென்ட்-ஆஃப் பிரியாணிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. யாரும் எழுதி வைத்தது இல்லை. தெரு சாப்பிட்டுவிட்டால் ஆள் போய்த்தான் ஆகவேண்டும். விசா, டிக்கெட் எல்லாம் அதற்கு அப்புறம்தான். சாப்பாடு போட்டுவிட்டுப் போகாமல் நின்றவன் மறுநாள் பால் வாங்க வந்தால், பிளைட் பஞ்சரா என்று கேட்பார்கள். அவன் மகள் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தாலும், இந்தக் கல்யாணமாவது நடக்குமா என்று அந்தப் பிரியாணியை இழுப்பார்கள். ஒருத்தர் இந்தக் கேலிக்குப் பயந்து, ஏஜென்ட் கை விரித்த பிறகும் தெருவில் எல்லாரிடமும் விடைபெற்றுக்கொண்டு கிளம்பி, பக்கத்திலேயே சந்தாபுராவில் தங்கை வீட்டில் இரண்டு மாதம் அடங்கிக் கிடந்தார். உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொண்டு கை நிறையப் பேரீச்சம்பழத்தோடு திரும்பினார். பழம் வந்த பையில் எங்கள் ஊர் சிவாஜி நகர்க் கடை பெயர் அச்சடித்திருந்தது. பெயரைச் சொல்லமாட்டேன், அவர் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள்.

மாஸ்டர் சிக்கியதும் அந்தக் கட்டுப்பாட்டில்தான். எண்பதுகளின் நடுவில் அவரும் ஒருமுறை போனார். வளைகுடாவில் பெரிய ஓட்டல், சமையல் வேலை என்று பம்பாய் ஏஜென்ட் சொல்லியிருந்தான். தன்னுடைய சென்ட்-ஆஃப் பிரியாணியைத் தானே போட்டார். வேறு யார் கையை நம்புவது? தெரு சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்போது ஏஜென்டின் ஆள் வந்து, சமையலுக்கு ஆள் நிரம்பிவிட்டது, அதே ஓட்டலில் சலவைப் பிரிவில் இடம் இருக்கிறது, போன பிறகு மாறிக்கொள்ளலாம் என்றான். வள்ளியம்மா அப்போதே பையைப் பிடித்து இழுத்தாள். கழுவிக் கவிழ்த்த அண்டாக்களைப் பார்த்தார் மாஸ்டர். தட்டுகளையும் பார்த்தார். கிளம்பிவிட்டார். "தின்ன வாய் அத்தினியும் ஸ்டேஷன் வரைக்கும் வந்து கைய ஆட்டுது. நான் எப்பிடிக்கா எறங்குறது?" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

போய் இறங்கிய இடத்தில் அரபு எழுத்தில் ஒரு காகிதம் நீட்டினார்கள். எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டுவிட்டுப் போட்டார். இரண்டு வருஷம் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி. அடுப்பங்கரை கீழே, சலவை மேலே. வாசனை மட்டும் படி ஏறி வரும். "அவனுங்க வெங்காயத்த கருக்குறது மூணாவது மாடியில எனக்குத் தெரியும்க்கா. போய் சொல்ல முடியாது. என் பேப்பர்ல இஸ்திரின்னு கீது." இதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவருக்கு மூக்கு சுருங்கும். அங்கே யார் வைதார்கள், யார் அடித்தார்கள் என்று ஒன்றும் சொன்னதில்லை. கருகிய வெங்காயத்தைத்தான் சொல்வார்.

போன வருஷம் ரத்தினம்மாள் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். ரத்தினம்மாள் என் நாத்தனார். அவள் மூத்த மகள் சாந்தகுமாரி பொம்மனஹள்ளியில் கார்மென்ட்ஸ் கம்பெனியில் தைக்கிறாள். சட்டைக்குக் காலர் வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள அந்த லைனில் ஆள் இல்லை. அப்பன் கண்ணை மூடிய பிறகு வீட்டைத் தாங்குகிறவள் அவள்தான். அவளுக்கு பஹ்ரைனில் ஒரு தையல் கம்பெனியில் வேலை வந்தது. கொண்டுவந்தவன் பிரகாஷ், ஒரு ஏஜென்டுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற பையன். அவன் கெட்டவன் இல்லை. கழுத்தில் டை கட்டிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஸ்டாண்டர்ட் ஸ்டாண்டர்ட் என்று சொல்வான், அவ்வளவுதான். வியாழக்கிழமை டிக்கெட். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரியாணி. திங்கள்கிழமை கம்பெனியில் சொல்லிவிட்டு நின்றுவிடுவதாகச் சாந்தகுமாரி ஏற்பாடு செய்திருந்தாள். ரத்தினம்மாள் தெருவை மட்டும் அழைத்திருந்தால் பரவாயில்லை. அல்சூர், ஜோகுபாளையா என்று உறவை எல்லாம் திரட்டிவிட்டாள். மகள் கழுத்தில் போடுவதற்குப் பெரிய ரோஜா மாலை வாங்கி ஷாமியானாக் கம்பத்தில் மாட்டியிருந்தாள்.

மாஸ்டர் மாவு அப்பி, தணல் போட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தார். காகிதத்தை டென்சில் வாசித்தார். டென்சில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், ஞாயிறு பூசையில் பைபிள் வாசிக்கிறவர், நல்ல குரல். ஒப்பந்தத்தையும் அதே ராகத்தில் வாசிக்கவே, ஓரத்தில் இருந்த இரண்டு கிழவிகள் எதற்கும் இருக்கட்டும் என்று முக்காடு போட்டுக்கொண்டார்கள். ஒவ்வொரு பத்தியும் முடிந்ததும் தமிழில் சொன்னார். வேலை தையல்தான். வாரம் ஒரு நாள் லீவு. தங்க இடம் கம்பெனி தரும். பாஸ்போர்ட், வைத்தியம், திரும்புகிற டிக்கெட் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. கறி எத்தனை நாள் போடுவார்கள் என்று மாஸ்டர் கேட்க, அதெல்லாம் காண்ட்ராக்டில் வராது என்று பிரகாஷ் சிரித்தான். கூட்டமும் சிரித்தது. கடைசி வரியில், இந்த ஒப்பந்தம் அந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது என்று இருந்ததையும் டென்சில் வாசித்து மடித்தார். மாஸ்டருடைய கேள்விகள் தீர்ந்துவிட்டன. கரண்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். தட்டுகள் கை மாறத் தொடங்கின.

"மாமா, இருங்க" என்றாள் சாந்தகுமாரி.

காலர் தைக்கிறவள் இல்லையா, ஓரத்தைத் திருப்பிப் பார்க்காமல் விடமாட்டாள் போலிருக்கிறது. "கடைசியா படிச்சாரே, அந்த ஊரு சட்டம்னு. அந்தச் சட்டம் இன்னா சொல்லுது?"

மாஸ்டர் காதிலிருந்து பட்டையை எடுத்தார். முகர்ந்தார். இத்தனை வருஷமாக இத்தனை பேரைக் கேட்டவர், இந்த ஒன்றைக் கேட்டதில்லை. பிரகாஷ் குறுக்கே வந்து, எல்லா ஊர்ச் சட்டமும் ஒன்றுதான், ஸ்டாண்டர்ட் என்றான்.

"ஒண்ணுன்னா அத எதுக்குத் தனியா எழுதிக்கீறாங்க?" என்று கேட்டாள் அவள். பிரகாஷ் டையைத் தளர்த்திக்கொண்டான். மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்தார். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. பிள்ளைகளைக் காலையிலிருந்து பட்டினி போட்டுக் கூட்டிக்கொண்டு வந்திருந்தவர்களின் பெருமூச்சு அது.

பஹ்ரைனில் நமக்கு யார் இருக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. யாரும் இல்லை என்றார்கள். எனக்கு ஜூடித் ஞாபகம் வந்து, சொன்னேன். டென்சிலின் சித்தப்பா மகள், அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ், பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. டென்சில் வாயைத் திறக்காமல் இருந்ததற்குக் காரணம், பாட்டி செத்தபோது ஒரு தேக்கு அலமாரி யாருக்கு என்பதில் அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றிருந்தது. எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் ஒப்பந்தத்தைக் கவரில் திரும்பப் போட்டார். பிறகு, "நம்பர் மம்மி கிட்ட இருக்கும். நான் பேசமாட்டேன், சாந்தகுமாரியே பேசட்டும்" என்று எழுந்து போய் நம்பரை எழுதி வந்தார்.

தெருமுனை டெலிபோன் பூத்துக்குப் பாதிக் கூட்டம் சாந்தகுமாரியோடு போனது. மீதிப் பாதி அண்டாவை விட்டு நகரவில்லை. மாஸ்டருக்குத்தான் சங்கடம். பூத்துப் பக்கம் நாலு அடி நடப்பார். நெருப்பு ஞாபகம் வந்து திரும்புவார். அடியில் இருந்த விறகை உருவினார். மேல் தணலில் பாதியைத் தள்ளினார். மூடியில் காதை வைத்துக் கேட்டார். "அண்டாவையும் இடுப்புல தூக்கிகினு போயேன், ரெண்டு பேரும் பேசிட்டு வாங்கோ" என்றாள் வள்ளியம்மா.

பூத்தில் கண்ணாடிக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். ராத்திரி டியூட்டி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த ஜூடித்தை எழுப்பியாகிவிட்டது. சாந்தகுமாரி முதலில் தான் யார் மகள் என்பதைச் சொன்னாள். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஜூடித் சொன்னதை அவள் திருப்பிச் சொல்லச் சொல்ல, வாசலில் நின்ற எங்களுக்கும் தெரிந்தது. முதல் மூன்று மாதம் ஆளைப் பார்க்கிற காலம், அதற்குள் முதலாளிக்குப் பிடிக்கவில்லை என்றால் அனுப்பிவிட முடியும். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிற முதலாளிகள் உண்டு, நகல் எடுத்துக் கையில் ஒன்றும் வீட்டில் ஒன்றும் வைத்துக்கொள். போய் இறங்கியதும் அரபியில் இன்னொரு காகிதம் வரும். தகராறு என்று வந்தால் எடுபடுவது அதுதான். அதில் வேலையும் சம்பளமும் இதே மாதிரி இருக்கிறதா என்று ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே பார்த்துவிட வேண்டும். கடைசியாக ஜூடித் சொன்ன ஒன்றைச் சாந்தகுமாரி இரண்டு முறை சொல்லிக்கொண்டாள்.

"இங்கிலீஷ் பேப்பர் பிளேன் ஏறத்தான் கண்ணு. அரபி பேப்பர முன்னாடியே அனுப்பச் சொல்லு. நல்ல கம்பெனி அனுப்புவான். அனுப்பலன்னா, அதுதான் உனக்குப் பதிலு."

போனை வைப்பதற்கு முன் ஜூடித், டென்சில் சௌக்கியமா என்று கேட்டிருக்கிறாள். அலமாரி எப்படி இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறாள்.

திரும்பி வந்த சாந்தகுமாரி நேராகத் தாய் முன்னால் போய் நின்றாள். "வேணாம்னு சொல்லலம்மா. போறேன். அந்த அரபி பேப்பர் வரட்டும், படிச்சுச் சொல்றவங்கள தேடி படிக்க வெச்சுட்டு அப்பறம் போறேன். வியாழக்கெழம போகல." பிரகாஷ் டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு டிக்கெட்டைத் தள்ளிப் போடலாம், காகிதத்தை ஃபேக்ஸில் அனுப்பச் சொல்லிக் கேட்கிறேன், இதுவரை யாரும் கேட்டதில்லை, அதனால் எனக்கும் தெரியாது என்றான். முதல் முறையாக ஸ்டாண்டர்ட் என்கிற வார்த்தை இல்லாமல் பேசினான்.

ரத்தினம்மாள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அவள் பயம் எங்களுக்குப் புரிந்தது. இத்தனை பேரும் சாப்பிட்டால் மகள் போய்த்தான் ஆகவேண்டும். நாளைக்கு அந்தக் காகிதம் வராவிட்டாலும், வந்து தப்பாக இருந்தாலும், தெரு வாய்க்குப் பயந்து ஏறிவிடுவாள். சாப்பிடாமல் எழுந்து போகச் சொல்வது என்றால் அதைவிட மானக்கேடு வேறு இல்லை. ஜோகுபாளையா உறவினர் ஒருவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டே, "அப்ப இது சென்ட்-ஆஃப் இல்லியா? நாங்க துன்னலாமா கூடாதா?" என்று கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரியவேண்டியிருந்தது. விறகை உருவிய பிறகும், அண்டாவின் அடியில் மிஞ்சிய தணலில் லேசாகப் பிடிக்கிற வாசனை வர ஆரம்பித்தது. மாஸ்டர் போட்ட எந்த அண்டாவும் அதுவரை அடி பிடித்ததில்லை.

அவர் எழுந்தார். அண்டாப் பக்கம் போகாமல் ஷாமியானாக் கம்பத்துப் பக்கம் போனார். மாட்டியிருந்த ரோஜா மாலையைக் கழற்றினார். மகளுக்குப் போடத்தான் வருகிறார் என்று ரத்தினம்மாள் பெரிதாக அழ ஆரம்பித்தாள். சாந்தகுமாரி ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். மாஸ்டர் அவளைத் தாண்டிப் போனார். இரண்டு கையாலும் மாலையை விரித்து, சூடு பொறுக்காமல் விரலை உதறிக்கொண்டே, அண்டாவின் கழுத்தில் போட்டார்.

"இன்னிக்கு ஊருக்குக் கெளம்புறது இதுதான். சென்ட்-ஆஃப் இதுக்குத்தான், துன்னுங்கோ" என்றார். பட்டையைக் காதில் செருகிக்கொண்டு, கரண்டிக் காம்பால் மாவின் மேல் ஒரு தட்டுத் தட்டினார்.